யார் தின்றது, எங்கே தின்றது: பிளகினும் எக்ஸ்டென்ஷனும்

உலாவி மந்தமாகிவிட்டது என்ற புகாருக்கு ஏறக்குறைய உலாவியின் வயதேதான் ஆகிறது. புகார் மாறவில்லை; அதன் பேரில் பிடிபடும் ஆள்தான் மாறியிருக்கிறது. 2010 வாக்கில் யாரைக் கேட்டாலும் ஃபிளாஷைக் கைகாட்டினார்கள். இன்று அதே புகாரோடு போனால், எத்தனை எக்ஸ்டென்ஷன் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அன்றைய பிளகினையும் இன்றைய எக்ஸ்டென்ஷனையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மந்தத்தைப் போக்கும் வழியில் எது மாறியது, எது மாறவில்லை என்பது தெரியவரும். மாறாதது நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். மாறியதோ நேர் தலைகீழாக மாறியிருக்கிறது.

வேற்றுமையிலிருந்து தொடங்குவோம். ஃபிளாஷ், ஜாவா, சில்வர்லைட் ஆகியவை உலாவிக்குச் செய்யத் தெரியாத வேலையைச் செய்துகொடுக்க வெளியிலிருந்து வந்த நிரல்கள். எக்ஸ்டென்ஷனோ உலாவிக்கு நன்கு தெரிந்த ஜாவாஸ்கிரிப்டிலும் எச்.டி.எம்.எல்லிலும் எழுதப்படுவது. தளத்தை அமைத்தவர் கூப்பிட்டால் வருவது பிளகின். தளத்தைப் பார்ப்பவர் கூடவே அழைத்துச் செல்வது எக்ஸ்டென்ஷன். முன்னது அவர்களுடைய ஆள், பின்னது நம்முடைய ஆள். அதனால்தான் பிளகினைத் திட்டுவது எளிதாக இருந்தது. எக்ஸ்டென்ஷனைத் திட்டும்போது, அதை நிறுவியது யார் என்ற கேள்வியும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

ஒற்றுமை இவ்வளவு வெளிப்படையானதல்ல. இரண்டுமே தொடக்கத்தில் ஃபயர்பாக்ஸின் சொந்தச் செயல்முறைக்குள்ளேயே, அதாவது ப்ராசஸுக்குள்ளேயே, ஓடியவை. இரண்டையும் பிற்பாடு தனிச் செயல்முறைக்குள் பிரித்து வைத்தார்கள். பிளகின்களுக்கு அந்தப் பிரிவினை 2010 ஜூனில், 3.6.4 பதிப்போடு வந்தது. எக்ஸ்டென்ஷன்களுக்கு அது 2017ஐ ஒட்டி, பழைய பாணி நீட்சிகளை முற்றாக விலக்கிய 57ஆம் பதிப்பின் காலத்தில், முதலில் விண்டோஸிலும் பின்னர் மற்ற இயங்குதளங்களிலும் வந்தது. குரோம் இரு விஷயத்திலும் முந்திக்கொண்டது. 2008 செப்டம்பரில் வெளிவந்தபோதே அதில் தாவல்களும் பிளகின்களும் தனித்தனிச் செயல்முறைகளாக இருந்தன. 2010இல் எக்ஸ்டென்ஷன்கள் சேர்ந்தபோது அவையும் அதே ஒழுங்கில் அமர்ந்தன. ஷிஃப்ட்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினால் யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று வரிசையாகக் காட்டும் ஒரு சாளரமும் குரோமில் முதல் நாளிலிருந்தே இருந்தது.

3.6.4 பதிப்புக்குப் பின் ஒரு விண்டோஸ் கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தவர்கள் கண்ட காட்சியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஃபயர்பாக்ஸ் என்ற வரிக்கு அருகே அதுவரை இல்லாத ஒரு புதிய வரி: பிளகின்-கன்டெய்னர். செயலியில் பாதியையும் நினைவகத்தில் சில நூறு எம்.பி.யையும் அது சாவகாசமாக எடுத்துக்கொண்டிருக்கும். நேற்றுவரை பட்டியலில் இல்லாத பெயர் இன்று முதலிடத்தில் நின்றால் என்ன தோன்றும்? வைரஸ் என்று தோன்றியது. அதை நிறுத்துவது எப்படி, அழிப்பது எப்படி என்று தேடியவர்கள் ஏராளம். உண்மையில் பசி புதிதல்ல, பெயர்தான் புதிது. ஃபிளாஷ் முன்பும் அவ்வளவே தின்றுகொண்டிருந்தது. ஃபயர்பாக்ஸின் கணக்கில் எழுதப்பட்டதால் ஃபயர்பாக்ஸுக்குக் கெட்ட பெயர் வந்தது.

அந்த வரியைத் தேர்ந்தெடுத்து எண்ட் ப்ராசஸ் கொடுத்தால் உலாவி சாகாது. வீடியோ ஓடிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டியும், முகம் சுளித்த ஒரு பொம்மைக் கட்டையின் படமும், பிளகின் முடங்கிவிட்டது என்ற வாசகமும் வரும். பக்கத்தை மறுபடி ஏற்றினால் எல்லாம் பழையபடி. பிரிவினையின் முழுப் பயனும் அந்தச் சாம்பல் பெட்டிதான். பசியை அது ஒரு கிராம்கூடக் குறைக்கவில்லை. ஒரு பிளகின் சரிந்தால் திறந்திருந்த இருபது தாவல்களும் கூடவே சரிவதை மட்டும் தடுத்தது.

எக்ஸ்டென்ஷன்களைப் பிரித்தபோதும் இதே கதைதான் நடந்தது. டாஸ்க் மேனேஜரில் ஃபயர்பாக்ஸ் என்ற பெயரே ஐந்தாறு முறை வரத் தொடங்கியது. குரோம் பதினைந்து இருபது முறை வந்தது. ஒவ்வொரு வரியும் ஒரு திருடன் என்று எண்ணியவர்கள் இப்போதும் உண்டு. ஆனால் வரிகளின் எண்ணிக்கை பெருகியதில் எக்ஸ்டென்ஷனின் பங்கு சிறிதுதான். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற செயலிப் பிழை அம்பலமான பிறகு, ஒரு தளத்தின் தரவை இன்னொரு தளம் உளவு பார்க்காமலிருக்க, தளத்துக்கொரு செயல்முறை என்ற ஏற்பாட்டை குரோம் 67ஆம் பதிப்பில் எல்லோருக்கும் பொதுவாக்கியது. அதற்கான விலை மொத்த நினைவகத்தில் 10 முதல் 13 சதவீதம் என்று கூகுளே அறிவித்தது. அது பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை. குணப்படுத்த வேண்டிய நோயாக அதைக் கருத வேண்டியதில்லை. வரிகளை எண்ணுவதை விட்டுவிட்டு, எந்த வரி வேலையில்லாதபோதும் அசைந்துகொண்டிருக்கிறது என்று பார்ப்பதே பயன் தரும்.

இனி இரண்டுக்கும் நடுவே நான் கண்ட முக்கியமான வேற்றுமைக்கு வருகிறேன்.

பல தாவல்களில் ஃபிளாஷ் ஓடினாலும் அவை அனைத்துக்கும் சேர்த்து ஒரே செயல்முறைதான். ஆகவே அந்த வரியைப் பார்த்தவுடன் தின்பது ஃபிளாஷ் என்று சந்தேகத்துக்கிடமின்றித் தெரிந்துவிடும். எந்தத் தாவலில் தின்கிறது என்பது மட்டும் தெரியாது. செய்தித்தளத்தின் ஓரத்தில் மினுக்கும் விளம்பரமா, பாதியில் நிறுத்திவைத்த வீடியோவா, மறந்துபோன விளையாட்டா என்று அந்த வரி சொல்லாது.

எக்ஸ்டென்ஷனுக்கு இரண்டு உடல்கள். ஒன்று பின்னணியில் தனிச் செயல்முறையாக, தன் பெயரோடு பட்டியலில் நிற்பது. மற்றொன்று, நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் அது செலுத்தும் நிரல். இந்த இரண்டாவது உடல் பக்கத்தின் செயல்முறைக்குள்ளேயே ஓடுவதால் அதன் செலவு தாவலின் கணக்கில் விழுகிறது. தன் பெயருள்ள வரியில் 40 எம்.பி. என்று அடக்கமாக நிற்கும் ஓர் எக்ஸ்டென்ஷன், முப்பது தாவல்களில் தாவலுக்குச் சில எம்.பி.யாக வாரிக்கொண்டிருக்கலாம். எந்தத் தாவல் கனக்கிறது என்று தெரியும்; அதைக் கனக்கச் செய்தது யார் என்று தெரியாது.

பிளகின் ஆளைக் காட்டி இடத்தை மறைத்தது. எக்ஸ்டென்ஷன் இடத்தைக் காட்டி ஆளை மறைக்கிறது. பல போர்ஷன்கள் கொண்ட வாடகை வீட்டோடு இதைப் பொருத்திப் பார்க்கலாம். தண்ணீர் மோட்டாருக்குத் தனி மீட்டர் இருந்தால் மோட்டார் எவ்வளவு இழுத்தது என்று கச்சிதமாகத் தெரியும். எந்தக் குடித்தனம் தண்ணீரைக் கொட்டியது என்று தெரியாது. மாறாக, யாரோ ஒருவர் ஒவ்வொரு போர்ஷனின் மீட்டரிலிருந்தும் ஒரு சிறு வயரை இழுத்திருந்தால், எல்லோருடைய பில்லும் ஏறும், அவருடைய பில் மட்டும் குறைவாகவே இருக்கும்.

நிக்கலஸ் நெதர்கோட் 2014 மே மாதத்தில் வெளியிட்ட அளவீடு இந்த வயரைக் கண்ணெதிரே காட்டியது. மொசில்லாவில் ஃபயர்பாக்ஸின் நினைவகப் பயன்பாட்டைக் குறைக்கும் மெம்ஷ்ரிங்க் திட்டத்தை நடத்தியவர் அவர். அன்று மிகப் பரவலாக இருந்த எக்ஸ்டென்ஷனான ஆட்பிளாக் பிளஸ்ஸை எடுத்துக்கொண்டார். அதன் நிரந்தரச் செலவு 60 முதல் 70 எம்.பி. அது பரவாயில்லை. வில்லங்கம் வேறிடத்தில் இருந்தது. விளம்பரப் பெட்டிகளை மறைப்பதற்காக அது ஒரு பெரிய நடைதாளைப் பக்கங்களுக்குள் செலுத்தியது. பக்கத்துக்குள் பதிந்திருக்கும் ஒவ்வோர் உட்சட்டகத்துக்கும், அதாவது ஒவ்வொரு ஐஃபிரேமுக்கும், அந்த நடைதாளின் ஒரு பிரதி உருவானது. பிரதிக்குச் சுமார் 4 எம்.பி. நானூறுக்கும் மேற்பட்ட உட்சட்டகங்கள் கொண்ட ஒரு பக்கத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்துச் சோதித்தபோது, எக்ஸ்டென்ஷன் இல்லாமல் 370 எம்.பி. எடுத்த ஃபயர்பாக்ஸ், அது இருக்கும்போது 1,960 எம்.பி. எடுத்தது. அந்தப் பக்கம் ஒரு விதிவிலக்கு என்பதை அவரே சொல்லிவிட்டார். ஆனாலும் பொறிமுறை விதிவிலக்கல்ல. எந்தச் செய்தித்தளத்திலும் அதே கூட்டல்தான், தொகைதான் சிறியது.

அதற்கான தீர்வு எங்கிருந்து வந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. பயனர் செய்யக்கூடியது அதிகமில்லை. ஒரே நடைதாளைப் பல பக்கங்கள் பகிர்ந்துகொள்ளும்படி ஃபயர்பாக்ஸின் உள்ளமைப்பையே 2015இல், 41ஆம் பதிப்பில், திருத்தினார்கள். பிளகினின் காலத்திலும் இப்படி ஒரு நிகழ்ச்சி உண்டு. ஃபிளாஷ் வீடியோவைச் செயலியே முழுதும் பிரித்தெடுக்க வேண்டியிருந்ததால்தான் மடிக்கணினிகள் சூடாகி விசிறி அலறின. 2010இல் வந்த ஃபிளாஷ் 10.1 அந்த வேலையை வரைகலை அட்டைக்கு மாற்றிக்கொடுத்தபோது, விண்டோஸில் ஒரே பதிப்பு மாற்றத்தில் பெரும் விடுதலை கிடைத்தது. புதுப்பித்துவிட்டுப் பாருங்கள் என்ற அறிவுரை தட்டிக்கழிக்கும் பதிலாகத் தோன்றினாலும், இரு காலத்திலும் அதில் விஷயம் இருந்தது.

ஆளும் இடமும் இப்படித் தலைகீழாக நிற்பதால், தேடும் முறையும் தலைகீழாகிறது. ஃபிளாஷ் காலத்தில் தாவல்களை ஒவ்வொன்றாக மூட வேண்டும். பிளகின்-கன்டெய்னர் வரியில் செயலிச் சதவீதம் எந்தத் தாவலை மூடியதும் விழுகிறதோ அதுதான் இடம். எக்ஸ்டென்ஷன் காலத்தில் தாவல்களை அப்படியே வைத்துக்கொண்டு எக்ஸ்டென்ஷன்களை அணைக்க வேண்டும். முதலில் எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைத்துப் பார்ப்பது நல்லது. ஃபயர்பாக்ஸில் அதற்கென்றே பழுதறி முறை இருக்கிறது. குரோமில் விருந்தினர் சாளரம் அதே வேலையைச் செய்யும். வேகம் திரும்பினால் குற்றவாளி பெரும்பாலும் இந்தக் கூட்டத்தில்தான். பிறகு பாதியை அணைக்க வேண்டும், பழுது எந்தப் பாதியில் இருக்கிறதோ அதை மீண்டும் பாதியாக்க வேண்டும். பதினாறு எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் நான்கு சுற்றில் ஆள் அகப்பட்டுவிடும்.

இந்தச் சோதனையில் சறுக்கும் இடங்கள் சில உண்டு. எக்ஸ்டென்ஷனை அணைத்தாலும், ஏற்கெனவே திறந்திருக்கும் பக்கங்களுக்குள் அது செலுத்திய நிரல் குரோமில் அங்கேயே தங்கிவிடும். பக்கத்தை மறுபடி ஏற்றிய பிறகே அளக்க வேண்டும். விருந்தினர் சாளரத்தில் நீங்கள் எந்தத் தளத்திலும் உள்நுழைந்திருக்க மாட்டீர்கள். மின்னஞ்சல், சமூக ஊடகம் போன்ற தளங்கள் உள்நுழைந்த பிறகுதான் கனக்கும். ஆகவே அங்கே வேகமாகத் தெரிந்தது எக்ஸ்டென்ஷன் இல்லாததாலா, நீங்கள் உள்நுழையாததாலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தனித்தனியாக ஒழுங்காக இருந்து, சேர்ந்தால் சண்டையிடும் இரண்டு எக்ஸ்டென்ஷன்களைப் பாதியாக்கும் முறை பிடிக்காது. இரண்டு விளம்பரத் தடுப்பான்களை ஒருசேர வைத்திருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். இரண்டும் ஒரே வேலையை இரண்டு முறை செய்துகொண்டிருக்கும்.

பசியின் வகையும் வேறு. பிளகின் பெரும்பாலும் செயலியைத் தின்றது. அதனால் அது சத்தம் போட்டுத் தின்றது: விசிறி சுழலும், எலியின் அம்பு திக்கித் திக்கி நகரும். எக்ஸ்டென்ஷன் பெரும்பாலும் நினைவகத்தையும், பக்கம் திறக்கும்போது கண்ணில் படாத சில நூறு மில்லி விநாடிகளையும் தின்கிறது. 8 ஜி.பி. கணினியில் அது தெரியாமலே போகலாம், 4 ஜி.பி. கணினியில் நினைவகம் நிரம்பி, வட்டுக்கும் நினைவகத்துக்குமாகத் தரவு அலையத் தொடங்கியதும் கணினி முழுவதுமே நொண்டும். சத்தமில்லாத பசியைக் கண்டுபிடிக்கத்தான் அதிக காலம் பிடிக்கிறது.

இரு காலத்திலும் மருந்தென்று சொல்லிக் கைமாறிய நஞ்சும் உண்டு. பிளகின்-கன்டெய்னர் என்ற வரி கண்ணை உறுத்தியவர்களுக்கு, ஃபயர்பாக்ஸின் உள்ளமைப்புப் பக்கத்தில் ஒரு மதிப்பைப் பொய் என்று மாற்றிவிடும்படி ஆலோசனை சொன்னார்கள். மாற்றினால் அந்த வரி மறையும். பிளகின் மறுபடி உலாவிக்குள்ளேயே போய் அமரும். பசி அப்படியே இருக்கும், பாதுகாப்பு மட்டும் போயிருக்கும். 2012இல் ஃபிளாஷ் 11.3 விண்டோஸில் ஃபயர்பாக்ஸுக்காகப் பாதுகாப்புக் கூண்டு ஒன்றைக் கொண்டுவந்து, அதனால் உலாவி தொங்கத் தொடங்கியபோதும் இதே பாணிதான். அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்துக் கூண்டையே கழற்றிவிடுவது பரவலான வைத்தியமானது. அது உண்மையில் பலன் தந்தது என்பதுதான் சங்கடம். அன்று ஃபிளாஷில் அடிக்கடி வெளிவந்த பாதுகாப்புத் துளைகளை நினைத்தால், கொடுத்த விலை பெறுமானத்துக்கு மேல் என்பேன்.

எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் இதற்கு நேர் இணை, கிரேட் சஸ்பெண்டர். பயன்படுத்தாத தாவல்களை உறங்கவைத்து நினைவகத்தை மிச்சப்படுத்தும் எக்ஸ்டென்ஷன் அது; எக்ஸ்டென்ஷன்களால் வந்த பாரத்துக்கும் சேர்த்து மருந்தாக லட்சக்கணக்கானோர் நிறுவிக்கொண்டது. 2020இல் அதன் உரிமை பெயர் தெரியாத கைகளுக்கு மாறியது. 2021 பிப்ரவரியில் தீங்குநிரல் என்ற எச்சரிக்கையோடு குரோம் அதை முடக்கியது. உறங்கிக்கொண்டிருந்த தாவல்கள் அத்தனையும் அந்த எக்ஸ்டென்ஷனின் சொந்தப் பக்கங்களாக மாறியிருந்ததால், முடக்கிய கணத்தில் அவையும் காணாமல் போயின. உலாவல் வரலாற்றுக்குள் நுழைந்து, நீண்ட முகவரிகளின் வாலில் ஒட்டியிருந்த அசல் முகவரிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தவர்கள் பலர்.

நல்ல மருந்துகளின் வரலாறோ வேறு விதமாக ஒத்துப்போகிறது. ஃபிளாஷின் பசிக்குச் சிறந்த மருந்து ஃபிளாஷ்பிளாக். பக்கத்தில் ஃபிளாஷ் இருக்கும் இடத்தில் வெறும் பெட்டி ஒன்றைக் காட்டும். அழுத்தினால்தான் உள்ளே இருப்பது ஓடும். இந்த ஃபிளாஷ்பிளாக் ஓர் எக்ஸ்டென்ஷன். அதாவது இன்றைய குற்றவாளியின் இனம்தான் அன்றைய மருத்துவர். பிறகு உலாவிகள் அந்த யோசனையை உள்வாங்கிக்கொண்டன. 2013 இறுதியில் ஃபயர்பாக்ஸ் ஜாவாவுக்கும், 2017இல் ஃபிளாஷுக்கும், கேட்ட பிறகே ஓடு என்பதைப் பொது விதியாக்கியது. 2015 செப்டம்பர் முதல் குரோம் பக்கத்தின் ஓரத்து ஃபிளாஷ் விளம்பரங்களைத் தானே நிறுத்திவைத்தது. கிரேட் சஸ்பெண்டரின் யோசனைக்கும் இதே முடிவு வாய்த்தது. தாவலை உறங்கவைக்கும் வேலையை 2022 இறுதியில் குரோம் நினைவகச் சேமிப்பு என்ற பெயரில் தன் சொந்த அமைப்பாக்கிக்கொண்டது. யாரோ ஒருவர் எக்ஸ்டென்ஷனாக எழுதுகிறார், பலர் நிறுவுகிறார்கள், உலாவி அதைத் தன்வசமாக்குகிறது, எக்ஸ்டென்ஷன் தேவையற்றதாகிறது. ஆகவே பாரம் குறைக்க நினைப்பவர் முதலில் செய்யக்கூடியது: தம்மிடமுள்ள எக்ஸ்டென்ஷன்களில் எவற்றின் வேலையை உலாவி இப்போது தானே செய்கிறது என்று பார்ப்பது. இருண்ட தோற்றம், திரைப்பிடிப்பு, தாவல் உறக்கம், படத்துக்குள் படம் ஆகியவற்றுக்காக நிறுவியவற்றை, உங்கள் உலாவியே அந்த வேலையைச் செய்தால், தயங்காமல் நீக்கலாம்.

கால வரம்பு விஷயத்தில் உள்ள ஒற்றுமை எனக்கு மிகவும் பிடித்தது. 3.6.4 பதிப்பில் ஒரு பிளகின் 10 விநாடி பதில் சொல்லாவிட்டால் அது செத்ததாகக் கருதி ஃபயர்பாக்ஸ் கொன்றுவிடும். ஃபேஸ்புக்கில் ஃபார்ம்வில் ஆடியவர்களின் பழைய கணினிகளில் பண்ணை ஏறி முடியவே அதைவிட நேரம் பிடித்தது. விதைப்பதற்கு முன்பே பண்ணை முடங்கியது. சில நாட்களிலேயே 3.6.6 பதிப்பு வந்து வரம்பை 45 விநாடியாக உயர்த்தியது. இன்று குரோமின் மேனிஃபெஸ்ட் மூன்றாம் பதிப்பு விதிகளின்படி, எக்ஸ்டென்ஷனின் பின்னணி நிரல் 30 விநாடி வேலையின்றி இருந்தால் உலாவி அதை நிறுத்திவிடும். வேலை வந்தால் மீண்டும் எழுப்பும். இரண்டிலும் மௌனம்தான் அளவுகோல். அங்கே மௌனம் நோயின் அறிகுறி, இங்கே ஓய்வின் அறிகுறி. இரண்டிலும் எண் சற்றுத் தவறினால் உழைத்துக்கொண்டிருப்பவன் தண்டிக்கப்படுகிறான். நிலையை நினைவில் வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டிய எக்ஸ்டென்ஷன்களை எழுதுவோர், ஃபார்ம்வில் விவசாயிகளின் அதே மனக்குறையைத்தான் இன்று சொல்கிறார்கள்.

பிளகினையும் எக்ஸ்டென்ஷனையும் ஒரே தராசில் வைக்க முடியாமல் போவது, உலாவிகள் அவற்றை ஒழிப்பதிலும் கட்டுப்படுத்துவதிலும்தான். பிளகின்களை ஒழித்த முடிவு தாமதமாக வந்த நியாயம். 2015 ஏப்ரலில் குரோம் பழைய பிளகின் இடைமுகத்தை இயல்பாக அணைத்து, செப்டம்பரில் முற்றாக நீக்கியது. 2017 மார்ச்சில் ஃபயர்பாக்ஸ் ஃபிளாஷ் ஒன்றைத் தவிர மற்றவற்றை விலக்கியது. 2020 டிசம்பர் 31ஆம் தேதி அடோபி ஃபிளாஷுக்கான ஆதரவை முடித்துக்கொண்டது. இழப்பு இல்லாமலில்லை. டிஜிட்டல் கையொப்பத்துக்கு ஜாவா பிளகினை நம்பியிருந்த இந்திய மின்-டெண்டர் தளங்களில் ஒப்பந்தப்புள்ளி போடுபவர்கள், அதற்கென்றே பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரரை நெடுங்காலம் கட்டிக் காத்தார்கள். இருந்தாலும் பிளகின் செய்த வேலைகளில் பெரும்பாலானவற்றை உலாவியே செய்யக் கற்றுக்கொண்டுவிட்டது. 2015 தொடக்கத்தில் யூடியூபே ஃபிளாஷைவிட்டு எச்.டி.எம்.எல். 5க்கு மாறிவிட்டிருந்தது.

எக்ஸ்டென்ஷன்களைக் கட்டுப்படுத்துவதில் இந்த நியாயம் முழுதாகப் பொருந்தவில்லை. மேனிஃபெஸ்ட் மூன்றின்படி விளம்பரத் தடுப்பான், போகிற ஒவ்வொரு கோரிக்கையையும் தானே பார்த்து முடிவெடுக்க முடியாது. தடுக்க வேண்டியவற்றை முன்கூட்டியே விதிப்பட்டியலாகக் கொடுத்துவிட வேண்டும், அமல்படுத்துவது உலாவி. வேகமும் அந்தரங்கமும் மேம்படும் என்பது கூகுளின் வாதம், அதில் உண்மை உண்டு. விளம்பரத்தால் வாழும் நிறுவனம் விளம்பரத் தடுப்பானின் கையைக் கட்டுகிறது என்பது எதிர்வாதம், அதிலும் உண்மை உண்டு. இந்த விதியால் ரேமண்ட் ஹில்லின் தடுப்பானான யூபிளாக் ஆரிஜின் குரோமில் தன் முழு வடிவில் நிலைக்க முடியாமல், குறைந்த ஆற்றலுள்ள லைட் வடிவமாகச் சுருங்கியது. ஃபயர்பாக்ஸ் பழைய அதிகாரத்தையும் விட்டுவைத்திருக்கிறது. வேகத்தை மட்டும் பார்த்தால்கூட, நன்றாக எழுதப்பட்ட ஒரு தடுப்பான் தான் தின்பதைவிட அதிகமாக மிச்சப்படுத்தித் தருகிறது என்பது என் கணிப்பு. அது தடுத்த விளம்பர நிரல்களும் தின்றிருக்கும் அல்லவா? தன் செலவைவிட அதிகம் மிச்சப்படுத்திய பிளகின் என்று எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆகவே மந்தம் போக்க எக்ஸ்டென்ஷன்களைக் களையும்போது, பட்டியலில் அதிக எண் காட்டுவது எது என்று பார்த்து முதலில் தடுப்பானை நீக்குவது பெரும்பாலும் எதிர்மறையான விளைவையே தரும். விலை ஒப்பிடும் எக்ஸ்டென்ஷன், கூப்பன் தேடும் எக்ஸ்டென்ஷன், ஒவ்வோர் எழுத்துப்பெட்டியையும் கண்காணிக்கும் இலக்கணத் திருத்தி ஆகியவற்றில் தொடங்குவது உத்தமம். நீக்க மனமில்லாதவற்றுக்கு, எல்லாத் தளங்களிலும் என்ற அனுமதியைக் கிளிக் செய்தால் மட்டும் என்று குரோமில் மாற்றிவைக்கலாம். அழுத்தினால்தான் ஓடும் என்ற ஃபிளாஷ்பிளாக்கின் விதி எக்ஸ்டென்ஷன்மேலேயே இப்படிப் பாய்கிறது.

ஃபிளாஷின் கதையும் முற்றாக முடிந்துவிடவில்லை. பழைய ஃபிளாஷ் கோப்புகளை இன்றைய உலாவியில் ஓட்ட ரஃபிள் என்ற எமுலேட்டர் நிரல் இருக்கிறது. ரஸ்ட் மொழியில் எழுதி, வெப்அசெம்பிளியாக மாற்றப்பட்டது. 2020 நவம்பர் முதல் இன்டர்நெட் ஆர்க்கைவ் தன் ஃபிளாஷ் சேகரிப்பை அதைக் கொண்டுதான் ஓட்டுகிறது. நம் உலாவியில் அதை நிறுவிக்கொள்ள விரும்பினால், அது கிடைக்கும் வடிவங்களில் ஒன்று எக்ஸ்டென்ஷன். நிறுவிவிட்டு ஒரு பழைய விளையாட்டைத் திறந்து, ஷிஃப்ட்டையும் எஸ்கேப்பையும் அழுத்திப் பார்த்தால், பிளகின் என்ற வரி எங்கும் இருக்காது. ரஃபிள் பக்கத்துக்குள்ளேயே ஓடுவதால், ஃபிளாஷ் தின்னும் செயலிச் சதவீதம் இப்போது அந்தத் தாவலின் பெயரிலேயே எழுதப்பட்டிருக்கும்.